மடக்குக் கத்தியின் விலை

சென்ற ஆண்டு மாம்பழக் காலத்தில் என் தமக்கையின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்து, டில்லியில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தான். ஒஹாயோ மாநிலத்தில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளனாகப் பணியாற்றுகிறவன். ஒருநாள் மாலை பழம் நறுக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. வீட்டுக் கத்தி மழுங்கிக் கிடந்தது. கூடத்து மேசையின்மேல் அவனுடைய மடக்குக் கத்தி ஒன்று இருக்கக் கண்டேன். சாம்பல் நிறப் பிடி, மடித்து வைத்தால் ஒரு சாணுக்கும் குறைவான நீளம், அலங்காரம் ஏதுமில்லை. கட்டைவிரலால் மெல்லத் தள்ளினேன். அலகு எண்ணெயில் வழுக்கியது போல் வெளியே வந்து, ஒரு சிறு ஓசையுடன் நிலைத்து நின்றது. அதற்குமுன் அவ்வளவு கூரான ஒரு பொருளை நான் கையில் பிடித்ததில்லை.

இரண்டாவது பழத்தை எடுத்தபோது மருமகன் உள்ளே வந்தான். "ஐயோ மாமா, அதையா எடுத்தீர்கள்!" என்று அலறிவிட்டான். நான் விரலை வெட்டிக்கொண்டேனோ என்று என் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். விரலுக்கு ஒன்றும் நேரவில்லை, நேர்ந்ததெல்லாம் கத்திக்குத்தான். அவன் அதை வாங்கிக் கழுவி, மெல்லிய துணியால் துடைத்து, விளக்கடியில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். பிறகு வருத்தத்தை அடக்கிக்கொண்டு, "பரவாயில்லை மாமா. இதுவரை இது எதையும் வெட்டாத கத்தி. இனி வெட்டிய கத்தி. சந்தையில் இருநூறு டாலர் குறையும், அவ்வளவுதான்" என்றான்.

ஒரு மாம்பழத்தை நறுக்கியதில் இருநூறு டாலர் போயிற்று என்றால், அந்தக் கத்தியின் விலைதான் என்ன? அவன் கொடுத்தது 900 டாலர்; நம் நாணயத்தில் முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல். ஆனால் வாங்கிய அன்று மாலையே, விற்பனை மண்டபத்தின் வாயிலில் ஒருவர் 1,700 டாலருக்கு அதைக் கேட்டாராம். காலையில் தொள்ளாயிரம், மாலையில் ஆயிரத்து எழுநூறு. இடைப்பட்ட ஏழெட்டு மணி நேரத்தில் அந்தக் கத்திக்கு யாரும் எதுவும் செய்துவிடவில்லை. அட்டைப் பெட்டிக்குள் இருந்தது, அவ்வளவே. அப்படியானால் அந்த எண்ணூறு டாலர் எங்கிருந்து பிறந்தது? யாருக்கு உரியது? அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் இதே பேச்சாக இருந்தது. அவனிடம் கேட்டவற்றையும், பின்னர் நானே படித்து அறிந்தவற்றையும் கொண்டு, இந்த விசித்திரமான சந்தையைப் பற்றி நேயர்களுக்குச் சில சொல்லலாமென்று எண்ணுகிறேன்.

முதலில், ஒரு மடக்குக் கத்திக்கு இவ்வளவு விலை ஏன் என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். பேனாக்கத்தி என்றதும் நம் நினைவுக்கு வருவது, பள்ளியில் பென்சில் சீவிய கத்திதான். அதன் அலகை நிறுத்தி வைப்பது ஒரு முதுகு வில். அழுத்தம் சற்று மாறினால் அலகு மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். இந்தக் குறையை நீக்குவதற்காகவே பலவகைப் பூட்டுகள் தோன்றின. 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கைவினைஞர், பழைய நுணுக்கம் ஒன்றைச் செப்பஞ் செய்து, பிடியின் உட்புறத்தில் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை அமைத்தார். அலகு விரிந்தவுடன் அத்தகடு வில்போல் விலகி அலகின் அடியில் போய் நின்றுகொள்ளும். தென்னாப்பிரிக்காவில் தொழிலைத் தொடங்கி, 1989-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரில் குடியேறிய கிறிஸ் ரீவ் என்பவர் இதை மேலும் ஒருபடி கொண்டுசென்றார். தனித் தகடு எதற்கு, பிடியின் ஒரு பக்கத்தையே அறுத்து வில்லாக்கிவிட்டால் என்ன என்பது அவர் எண்ணம். பிடியை டைட்டேனியம் என்னும் உலோகத்தால் செய்தார். இலேசானது, துருப்பிடிக்காதது, வளைந்தாலும் மீளும் தன்மையது.

சொல்வதற்கு இது எளிது. ஆனால் அந்த வில், அலகின் அடியில் சரியான இடத்தில், சரியான கோணத்தில் வந்து பதிய வேண்டும். மயிரிழை கூடினால் பூட்டு இறுகிக்கொள்ளும்; மயிரிழை குறைந்தால் நழுவும். அலகு இரு பக்கமும் அசையாமலும், அதே சமயத்தில் தடையின்றியும் திரும்ப வேண்டும். ஆகவே பொருத்துவதும், பிரிப்பதும், தேய்ப்பதும், மறுபடி பொருத்துவதுமாக வேலை நீளும். பெரிய கம்பெனி இதில் பெரும்பகுதியை இயந்திரத்துக்கு விட்டுவிடும். தனி மனிதர் நடத்தும் பட்டறையிலோ நாட்கணக்கில் ஆகும்.

எஃகும் சாதாரண எஃகன்று. உருக்கிய எஃகை வாயுவின் வேகத்தால் சிதறடித்துப் பொடியாக்கி, அப்பொடியைப் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் இறுக்கிக் கட்டியாக்கி, பின்பு தகடாக உருட்டுகிறார்கள். இவ்வாறு செய்வதால் எஃகினுள் உள்ள கடினமான துகள்கள் ஓரிடத்தில் திரளாமல் சீராகப் பரவி நிற்கும். நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரின் க்ரூசிபிள் ஆலை இதில் பேர்போனது. 2001-இல் அந்த ஆலை, ரீவ் முதலிய கத்திக்காரர்களின் யோசனையைக் கேட்டு, கத்திகளுக்கென்றே ஓர் எஃகை உருவாக்கிற்று. அதே ஆலை 2024 டிசம்பரில் கடன் தாளாமல் நீதிமன்றத்தை நாடியதும், அடுத்த ஆண்டில் அதன் உடைமைகளை எராஸ்டீல் என்னும் ஐரோப்பிய நிறுவனம் வாங்கியதும் கத்தி உலகத்துக்குப் பெரிய செய்திகளாயின. ஒரே ஓர் ஆலையின் உலையை நம்பி எத்தனை பட்டறைகள் நின்றன என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தனர்.

ரீவ் தம்முடைய மடக்குக் கத்திக்கு 'செபென்சா' என்று பெயரிட்டார். ஜூலு மொழியில் அதற்கு 'வேலை' என்று பொருள். வேலை என்று பெயர் சூட்டப்பட்ட அந்தக் கத்தி இன்று சுமார் 500 டாலர் விலையில் விற்கிறது. வாங்குவோரில் எத்தனையோ பேர் அதை ஒரு நூலைக்கூட அறுக்க விடாமல் பெட்டியிலேயே பூட்டி வைத்திருக்கின்றனர். என் மருமகனின் கத்தி செபென்சா அன்று. அதைவிட அரிதான, ஒருவர் தம் கையாலேயே செய்த கத்தி. ஆயினும் அதன் கதியும் அதுவே.

அரிய கத்திக்காகக் காத்திருப்பது புதிய வழக்கமன்று. இதைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. 1954-இல் கப்பல் தொழிலாளியாக இருந்த இராபர்ட் லவ்லெஸ் என்பவர், நியூயார்க்கில் அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஆபர்கிராம்பி அண்டு ஃபிட்ச் கடைக்குச் சென்று, ராண்டால் என்பவர் செய்த கத்தி ஒன்றைக் கேட்டார். ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டுமென்று கடைக்காரர் சொல்லிவிட்டார். லவ்லெஸ் காத்திருக்கவில்லை. பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் 1937-ஆம் ஆண்டுப் பாக்கார்டு மோட்டார் வண்டியின் வில்பட்டையைத் தேடி எடுத்து, தமக்குத் தாமே ஒரு கத்தி செய்துகொண்டார். அங்கே தொடங்கியது அவர் தொழில். அவர் பெரும்பாலும் செய்தவை உறையில் செருகும் கத்திகள். மடக்குக் கத்திகள் அல்ல. ஆயினும் அமெரிக்கக் கத்திக் கலைக்கே முன்னோடியானார். 2010-இல் அவர் மறைந்தார். இன்று அவர் முத்திரை பொறித்த கத்திகள் பல்லாயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. ஒன்பது மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாதிருந்த மனிதரின் கத்திக்கு இப்போது உலகமெங்கும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். ராண்டால் பட்டறையும் ஃபுளோரிடாவில் இன்னும் நடக்கிறது. நேரே எழுதிக் கேட்டால் இப்போது மாதக் கணக்கு இல்லை, ஆண்டுக் கணக்குத்தான்.

லவ்லெஸ் செய்ததைப் போல் எல்லோராலும் செய்ய முடியுமா? முடியாது. காத்திருக்கவும் மனமில்லாமல், செய்துகொள்ளவும் திறமில்லாமல், கையில் பணம் மட்டும் இருக்கும் மனிதர்தாம் பெரும்பாலோர். அவர்களுக்காகவே கைமாற்று வணிகன் தோன்றுகிறான்.

இதற்கு நல்ல உதாரணம் ஒன்று ஒஹாயோவிலேயே உண்டு. ரிக் ஹிண்டரர் என்பவர் தீயணைப்புப் பணியிலும் ஈடுபட்டிருந்தவர். தீ விபத்திலும் வாகன விபத்திலும் இடர்ப்படுவோரை மீட்கும் ஒருவர் கையில் எத்தகைய கத்தி இருக்க வேண்டும் என்பதை அனுபவத்தால் அறிந்து, எக்ஸ்.எம். 18 என்ற தடித்த மடக்குக் கத்தியை அமைத்தார். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் அதைப் படைவீரர், காவலர், தீயணைப்போர் முதலியவர்களுக்கு நானூறு டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் தம் பட்டறையிலிருந்தே கொடுத்தார். உயிரைப் பணயம் வைத்து உழைப்பவருக்கு முதலிடம் என்பது அவர் கருத்து. நல்ல கருத்துத்தான். ஆனால் அதே கத்தி மறுசந்தையில் ஏறத்தாழ இருமடங்கு விலைக்கு விற்றது. உரியவர் கையில் போன கத்திகளிலும் சில அந்தச் சந்தைக்குத் திரும்பி வந்தன. இதில் நான் யாரையும் குறை சொல்லத் துணியமாட்டேன். இருமடங்கு விலை கண்முன் நிற்கும்போது, குழந்தைகளின் படிப்புச் செலவை நினைக்கும் ஒரு தீயணைப்பு வீரர் என்ன செய்வார்?

அவ்வாறாயின் செய்பவரே விலையை ஏற்றிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். பொருளாதார நூல் படித்தவர் எவரும் முதலில் கேட்பது இதுவே. தேவை மிகுந்து சரக்குக் குறைந்தால் விலை ஏறும். செய்பவர் ஏற்றாவிட்டால் வேறொருவர் ஏற்றுவார். அந்த வேறுபாடு உழைக்காதவன் பைக்குப் போகும். தருக்கம் சரியானதே. ஆனால் பட்டறையில் சாணையின்முன் நிற்கும் மனிதருக்கு வேறு கணக்குகள் உள்ளன. இன்று ஏறும் மோகம் நாளை இறங்கினால், ஏற்றிய விலையை எந்த முகத்துடன் குறைப்பது? சென்ற ஆண்டு அதிகம் கொடுத்து வாங்கியவர் ஏசமாட்டாரா? தொடக்க காலத்தில், பெயர் தெரியாத நாளில், நம்பி முன்பணம் அனுப்பியவர் ஆசிரியராகவோ தச்சராகவோ இருந்திருப்பார். அவரை இன்று எட்டாத விலையால் வெளியே நிறுத்துவதா? இவற்றுக்கெல்லாம் மேலாக, தம் கத்தியை யார் பிடிக்க வேண்டும் என்பதில் செய்பவருக்கு ஓர் ஆசை இருக்கத்தான் செய்கிறது. சந்தை அந்த ஆசைக்குச் செவி கொடுப்பதில்லை.

ஆகவே அவர்கள் பல உபாயங்களைக் கையாண்டு பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தையொட்டிக் கத்திகளுக்கென்றே ஒரு பெருங்கண்காட்சி கூடுகிறது. முற்காலத்தில் கதவு திறந்தவுடன் ஓடிச் சென்று மேசையை முதலில் தொட்டவருக்குக் கத்தி. பெரியவர்கள் இடிபட்டு விழுந்தார்கள். அதன்பின் பலர் குலுக்கல் முறையை மேற்கொண்டனர். வேண்டுவோர் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். குறித்த நேரத்தில் செய்தவர் சீட்டெடுப்பார். பெயர் வந்தவர் மேசை விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

என் மருமகனும் அவ்வாறுதான் வாங்கினான். ஐந்து கத்திகளுக்கு இருநூறு சீட்டுகளுக்குமேல் விழுந்திருந்தனவாம். அவன் பெயர் மூன்றாவதாக வந்தது. ஆனால் பெயர் வந்த மற்ற நால்வரில் இருவர், கத்தியை வாங்கிய கையோடு அங்கேயே நின்றிருந்த ஒரே மனிதரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததை அவன் பார்த்தான். மனைவி, மைத்துனன், கூலிக்கு வந்த மாணவன் என்று ஒருவர் பெயருக்குப் பத்துச் சீட்டுப் போடுவது அங்கே ஊரறிந்த வித்தை. இணையத்தில் விற்றாலும் இதே கதைதான். குறித்த மணிக்கு விற்பனை தொடங்கும்; மனிதன் விரலை எடுப்பதற்குள் கணிப்பொறி நிரல்கள் வாங்கி முடித்திருக்கும்; அரைமணிக்குள் அதே கத்தி வேறிடத்தில் வேறு விலையில் காட்சி தரும்.

கத்தியைக் கொடுக்கும்போது அதைச் செய்தவர், எழுபதை எட்டிய முதியவராம், மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்: "இதை உபயோகிப்பாய் அல்லவா?" இவன் "நிச்சயமாக" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல்தான் அவனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வாயிலில் 1,700 டாலருக்குக் கேட்டவரிடம் விற்க மனம் வரவில்லை, சொல் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்தபின் ஒரு கடிதவுறையைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. கிழித்தால் இருநூறு டாலர் போய்விடும். விற்கவுமில்லை, வெட்டவுமில்லை. பத்து மாதம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தான். அந்நிலையில்தான் நான் மாம்பழத்தோடு குறுக்கே வந்தேன்.

கைமாற்று வணிகனின் பக்கத்தையும் கேட்டுவிடுவோம். அவன் திருடவில்லை, ஏமாற்றவுமில்லை. வேலையை விட்டுவிட்டு அட்லாண்டாவுக்குப் போக முடியாத ஒருவருக்கு, வீட்டிலிருந்தபடியே அந்தக் கத்தி கிடைக்க வழி செய்கிறான். முதல் போடுகிறான். மோகம் மாறினால் நட்டமும் அவனுக்கே. ஹிண்டரர் விஷயத்தில் அதுதான் நடந்தது. அவர் உற்பத்தியைப் பெருக்கினார். கடைகளில் கத்தி எளிதாகக் கிடைக்கலாயிற்று. அவருடைய அமைப்பைக் கெர்ஷா, ஜீரோ டாலரன்ஸ் என்ற பெயர்களில் ஒரு பெரிய கம்பெனியும் உரிமை பெற்றுக் குறைந்த விலையில் செய்து விற்றது. இருமடங்கு விலை கரைந்து போயிற்று. உச்சத்தில் வாங்கி வைத்தவர் கைப்பிடித்தார். அதே கத்தி, அதே எஃகு, அதே பூட்டு. கிடைக்கத் தொடங்கியதும் சிலர் கண்ணுக்கு அதன் அழகே குறைந்துவிட்டதாம். அவர்கள் இத்தனை நாளும் விரும்பியது கத்தியையா என்று எனக்கு ஐயம் உண்டாகிறது.

தொழிலால் நான் மொழிபெயர்ப்பாளன். அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்குவது என் அன்றாடக் கடமை. 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் தொடர்பான காகிதங்களும் என் மேசைக்கு வந்ததுண்டு. அவற்றில் வரும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நாங்கள் 'தட்டுப்பாடு' என்று எழுதுவோம்; சில இடங்களில் 'பற்றாக்குறை' என்போம். மருமகன் தன் கத்தியைப் பற்றிப் பேசும்போதும் அதே ஆங்கிலச் சொல்லைத்தான் சொன்னான். ஆனால் அங்கே 'தட்டுப்பாடு' என்று எழுத என் பேனா ஒப்பவில்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தால் வீட்டில் உலை ஏறாது. கத்திக்கு? அங்கே பொருந்துவது 'அருமை' என்ற சொல். தமிழில் இது ஒரே மூச்சில் இரண்டு பொருளைச் சொல்கிறது: கிடைப்பது கடினம் என்பது ஒன்று, மிக நல்லது என்பது மற்றொன்று. கிடைக்காததெல்லாம் நல்லது என்று மயங்குவதற்கு நம் மொழியே ஒரு வழி திறந்து வைத்திருக்கிறதோ என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சொல்லும் தொல்லை கொடுத்தது. வாங்கியவுடன் விற்பவனை அவர்கள் 'ஃப்ளிப்பர்' என்கிறார்கள். கத்தியின் முதுகில், விரலால் தட்டி அலகை வெளியே புரட்டுவதற்கு வைத்திருக்கும் சிறு நீட்சிக்கும் அதே பெயர்தான். தமிழில் 'புரட்டுபவன்' என்று சொன்னால் சரியாக இருக்குமா? 'பணம் புரட்டுதல்' என்பது நேர்மையான செயல். 'புரட்டு' என்பதோ வஞ்சனை. மருமகனுக்கு இந்தச் சொல் மிகவும் பிடித்துப் போயிற்று. எனக்குத்தான் அது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மனம் வரவில்லை.

அருமையைத் தாமே உண்டாக்கிக்கொள்வோரும் உளர் என்பதையும் சொல்ல வேண்டும். கொலராடோ மாநிலத்துக் கோல்டன் நகரிலுள்ள ஸ்பைடெர்கோ நிறுவனம், அலகில் ஒரு வட்டத் துளையிட்டு ஒற்றைக் கையால் திறக்கும் கத்தியை 1981-இல் வெளியிட்டுப் பெயர் பெற்றது. அது அவ்வப்போது தன் வழக்கமான கத்திகளையே வேறு எஃகிலும் வேறு நிறப் பிடியிலும் சிறு அளவில் ஒருமுறை மட்டும் செய்து விற்கிறது. புதிய எஃகைப் பரீட்சித்துப் பார்க்க இது ஒரு நல்ல வழி என்பதை நான் மறுக்கவில்லை. எல்லா எஃகையும் இலட்சக்கணக்கில் செய்து பார்க்க எந்தக் கம்பெனியாலும் இயலாது. ஆனால் இந்த வழக்கத்தைப் பார்த்துப் பிற கம்பெனிகளும் ஊதா நிறப் பிடி நூறு மட்டும், கறுத்த அலகு ஐம்பது மட்டும் என்று எண் பொறித்து வெளியிடத் தலைப்பட்டன. கையின் வேகம் குறைவாகையால் குறைந்தது ஒருவகை. கையைக் கட்டிக்கொண்டு குறைத்தது மற்றொரு வகை. முன்னதற்கு நான் காத்திருப்பேன். பின்னதற்கு என் பணப்பையைத் திறக்கமாட்டேன். இது என் சொந்த அபிப்பிராயம். மருமகன் இதை ஏற்கவில்லை. தபால்தலை சேர்ப்பவரை நாம் குறை சொல்லுகிறோமா என்று கேட்டான்.

இந்த மேல்விலை இன்னொரு விருந்தாளியையும் அழைத்து வந்திருக்கிறது. போலிக் கத்திகள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. செபென்சாவுக்கும் ஹிண்டரர் கத்திக்கும் முத்திரை முதற்கொண்டு நகல்கள் உண்டு. பெரும்பாலும் சீனாவிலிருந்து வருபவை. ஆனால் அதே சீனாவில், குவாங்டொங் மாகாணத்து யாங்ஜியாங் நகரம் கத்தித் தொழிலுக்கென்றே பேர்பெற்றது. சீனத்து நிறுவனங்கள் சில இன்று டைட்டேனியப் பிடியும் பொடியெஃகு அலகும் கொண்ட கத்திகளைச் சொந்தப் பெயரில், மிக நேர்த்தியாக, அமெரிக்க விலையில் பாதிக்கும் குறைவாகவே செய்து தருகின்றன. திறமை இல்லாததால் நகல் செய்கிறார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. நகலுக்குச் சந்தை இருக்கிறது. அந்தச் சந்தையை உண்டாக்கியது எட்டாத விலை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் தகப்பனார், வயது எண்பதைத் தாண்டியவர், சாய்வு நாற்காலியிலிருந்து ஒன்று சொன்னார். அவர் வாலிபராயிருந்த நாளில் ஸ்கூட்டர் வாங்கப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். முறை வந்தவர் வண்டியை வீட்டுக்கே ஓட்டி வராமல், வாயிலிலேயே கூடுதல் விலைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி பெயரைப் பதிவு செய்துகொள்வதும் உண்டு. "நான் அப்படிச் செய்யவில்லை, செய்திருந்தால் உன் தமக்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமையும் இருந்தது, சிறிது வருத்தமும் இருந்தது. பின்னாளில் ஆலைகள் பெருகின. கடையில் போய்ப் பணம் கொடுத்து அன்றே வண்டியோடு வரலாம் என்றாயிற்று. அந்தக் கூடுதல் விலையும் மறைந்தது. கத்திப் பட்டறை முதியவர் ஆலையைப் பெருக்க முடியாது. பெருக்கினால் அது அவர் கத்தியாக இராது. அங்கேதான் ஸ்கூட்டர்க் கதையும் கத்திக் கதையும் பிரிகின்றன.

இந்த ஆண்டும் மருமகன் அட்லாண்டாவுக்குப் போயிருந்தான். சென்ற மாதம் தொலைபேசியில் பேசினான். முதியவர் மேசை விலையை 1,200 ஆக்கிவிட்டாராம். அடையாளச் சீட்டைக் காட்டி ஆளுக்கு ஒரு சீட்டு மட்டும்; பெயர் வந்தவரின் எதிரிலேயே பெட்டியைப் பிரித்து, கத்தியால் ஒரு காகிதத்தை அறுத்துக் காட்டித்தான் கையில் கொடுக்கிறாராம். வெட்டாத கத்தி என்று இனி எவரும் விற்க முடியாது. வாயிலில் இம்முறை கேட்ட விலை 1,500. சேகரிப்போர் சிலர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். சீட்டுகள் நூற்று முப்பதுதான் விழுந்தன. அவற்றில் இவன் பெயர் வரவில்லை.

பழைய கத்தி என்னவாயிற்று என்று கேட்டேன். சட்டைப் பையில்தான் இருக்கிறதாம். தொழிற்சாலைக்கு வரும் அட்டைப் பெட்டிகளை அதனால்தான் பிரிக்கிறான். பிடியில் இரண்டு மூன்று கீறல்கள் விழுந்துவிட்டன. மாம்பழச் சாறு மட்டும் பூட்டு வந்து பதியும் இடுக்கில் கொஞ்சம் உலர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். திருகாணியைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும். இன்னும் கழற்றவில்லை என்றான்.